மத்தியானச் சோற்றின் கணக்கு



திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர் முதலில் பூட்டைச் சொல்வார், அடுத்து பிரியாணியைச் சொல்வார். 1957-ல் நாகசாமி நாயுடு இந்த ஊரில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல் என்ற பெயரில் தொடங்கிய கடை, இன்று தலப்பாக்கட்டி என்று கடல் கடந்தும் போயிருக்கிறது. சீரகச் சம்பா இந்த ஊருக்குத் தேடித் தந்த பெயர் சின்னப் பெயர் அல்ல. ஆனாலும் இன்று நான் பேச வந்திருப்பது பெயர்ப்பலகை இல்லாத ஒரு சாப்பாட்டைப் பற்றி. விடிவதற்கு முன்னால் அடுப்பேறி, ஆறு மணிக்குள் டப்பாவில் அடைபட்டு, வேடசந்தூர்ப் பக்கம் போகும் மில் பஸ்ஸிலும், நத்தத்துச் சட்டைத் தையல் கூடங்களுக்கும், பேகம்பூர் தோல் ஷாப்புகளுக்கும், பூட்டுப் பட்டறைகளுக்கும், கடைவீதி ஜவுளிக் கடைகளுக்கும், கலெக்டர் ஆபீஸுக்கும் தினந்தோறும் பயணம் போகிறதே, அந்தச் சாப்பாட்டைப் பற்றி. வேலைக்குப் போகிறவர் வீட்டிலிருந்து மத்தியானச் சோறு கொண்டுபோனால் மிச்சமாகும் பணம் எவ்வளவு? அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது? அதற்காக உழைப்பது யார்? இந்த மூன்று கேள்விகள்தான் இன்றைய பொருள்.

தலப்பாக்கட்டிக் கடை தொடங்கிய அதே 1957-ல், ஜூலை மாதம், டெல்லியில் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்த மாநாடு அது. குறைந்தபட்சக் கூலி என்றால் எதை வைத்துக் கணக்குப் போடுவது என்று அது ஒரு அளவுகோலை வகுத்தது. சம்பாதிக்கும் ஒருவருக்கு அவர் குடும்பத்தோடு சேர்த்து மூன்று நுகர்வு அலகு. ஓர் அலகுக்கு ஊட்டச்சத்து நிபுணர் டாக்டர் அய்க்ராய்டு வகுத்தபடி நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. நான்கு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. வீட்டு வாடகை. எரிபொருள், விளக்கு, இதர செலவுகளுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். பின்னால் 1991-ல் உச்ச நீதிமன்றம், ராப்டகோஸ் பிரெட் வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை, கல்யாணம் இவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. இன்றுவரை கூலிப் பேச்சு எங்கே நடந்தாலும் இந்த அளவுகோலைத்தான் எடுத்து வைக்கிறார்கள். எல்லாருக்கும் அந்தக் கூலி கிடைக்கிறதா என்பது வேறு பேச்சு. நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது அந்தக் கணக்குக்கு உள்ளே இருக்கும் ஒன்றை.

அந்தக் கணக்கில் சோற்றுக்கு எப்படி விலை போட்டார்கள்? அரிசியாக, பருப்பாக, எண்ணெயாக, காய்கறியாகப் போட்டார்கள். பக்கத்தில் விறகுக்கு ஒரு தொகை எழுதினார்கள். கடைச் சாப்பாட்டுக்கு விலை போடவில்லை. அதாவது, தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரியும், அங்கே சமைத்த சோற்றைத்தான் மூன்று வேளையும் குடும்பம் சாப்பிடும் என்று வைத்துக்கொண்டுதான் இந்த நாட்டில் கூலியே நிர்ணயமாகிறது. அந்தக் கூலியை வாங்கிக்கொண்டு மத்தியானம் ஓட்டலில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இலையில் விழும் சோற்றுக்கு மட்டுமா காசு கொடுக்கிறோம்? கடை வாடகைக்கு, சமையல் மாஸ்டரின் சம்பளத்துக்கு, வர்த்தக சிலிண்டருக்கு, 5 சதவீத ஜி.எஸ்.டி.க்கு, முதலாளியின் லாபத்துக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். அதில் எதுவும் அநியாயம் இல்லை. கடை நடத்துகிறவருக்கு அத்தனை செலவும் உண்டு. ஆனால் நம் கூலியைக் கணக்குப் போட்டவர்கள் இவற்றில் ஒன்றைக்கூட நமக்காக எழுதி வைக்கவில்லை. பள்ளம் விழும் இடம் இதுதான். செலவாளி என்று ஒருவரை ஏசுவதற்கு முன்னால், அவர் கையில் இருக்கும் கூலி எந்தச் சாப்பாட்டை நினைத்து அளக்கப்பட்டது என்று கேளுங்கள்.

எண்களை வைத்தே பார்ப்போம். நடுத்தரமான ஒரு சாப்பாடு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 26 வேலை நாள். 2,080 ரூபாய் ஆயிற்று. அதே அளவு சோறு, குழம்பு, ஒரு வெஞ்சனம், கொஞ்சம் மோர், இவற்றை வீட்டுச் சமையலோடு சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாக ஆக்கினால், தாராளமாகவே 35 ரூபாய் வைப்போம். மாதத்துக்கு 910 ரூபாய். வித்தியாசம் 1,170. தமிழ்நாட்டு அரசு 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் என்றது. அந்த ஆயிரம் எத்தனை வீடுகளில் எத்தனை கதவுகளைத் திறந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் மத்தியானச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டால் அதைவிடக் கூடுதலான தொகை வீட்டுக்குள் நிற்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர் என்றால் ஆண்டுக்கு 28,000 ரூபாய். உங்கள் தெருவில் சாப்பாடு விலை கூடவோ குறையவோ இருக்கலாம், உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள், விடை பெரிதாக மாறாது. கந்து வட்டிக்காரர் வாசலில் நிற்கும் ஒரு குடும்பத்துக்கு 28,000 என்பது எவ்வளவு பெரிய தொகை!

இதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லா அரிசி. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எத்தனையோ மாநிலங்கள் வியந்து பார்க்கும் ஏற்பாடு இது. ஆனால் இந்தச் சலுகை எந்த வழியாக நம் வயிற்றுக்கு வருகிறது? வீட்டு அடுப்பு வழியாக மட்டுமே வருகிறது. ஓட்டலில் ஒரு கை சோறு கூடுதலாகக் கேட்டால் அதில் வெளிச்சந்தை அரிசியின் விலை இருக்கிறது. ரேஷன் அரிசி மூட்டை வீட்டு மூலையில் கிடக்க, மத்தியானம் வெளியே காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர், அதே சோற்றுக்கு அரசிடமிருந்து வாங்கிய உதவியைக் கைநழுவ விடுகிறார். ரேஷன் அரிசி சாதம் விறைத்துப் போகும், டப்பாவில் வைத்தால் மத்தியானம் இறங்காது என்று பெண்கள் சொல்வது உண்மைதான். அதற்கும் அவர்களே வழி வைத்திருக்கிறார்கள். புளிச்சோறாகவோ தயிர்ச்சோறாகவோ பிசைந்துவிட்டால் அந்த விறைப்பு தெரியாது.

சரி, நம் மக்கள் உண்மையில் வெளியே எவ்வளவு செலவு செய்கிறார்கள்? மத்திய அரசு 2022–23-ல் நடத்திய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு, தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு தலைக்கு மாதச் செலவு 7,630 ரூபாய், கிராமங்களில் 5,310 ரூபாய் என்று சொன்னது. உணவுக்கென்று செலவாகும் பணத்தில், கடையில் வாங்கிச் சாப்பிடும் சமைத்த உணவு, டீ, பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம் ஆகியவை சேர்ந்த இனம் நம் நகரங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நாட்டின் பெரிய மாநிலங்களில் இந்த இனத்துக்கு அதிகம் செலவழிக்கும் வரிசையில் நாம் முன்னால் நிற்கிறோம். இதைச் சோம்பல் என்று சொல்லிவிடலாமா? நான் சொல்ல மாட்டேன். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகள் பெருகியிருக்கின்றன. கூட்டுக்குடும்பத்தில் சமைத்துக் கொடுத்த கிழவி இன்று இல்லை. ஷிப்ட் நேரமும் பஸ் நேரமும் சமையல் நேரத்தை விழுங்கிவிடுகின்றன. ஆகையால்தான் இந்தச் செலவு வளர்ந்திருக்கிறது. காரணம் தெரிந்தால்தான் மாற்று வழி பேச முடியும்.

நம் வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கேரளத்துக்கு லாரி லாரியாக முருங்கையும் கத்தரியும் தக்காளியும் ஏறும் சந்தை. சிறுமலை வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. மானாவாரிக் காட்டில் மொச்சை, தட்டைப்பயறு, நிலக்கடலை. இத்தனையும் விளையும் ஊரில் ஒரு தொழிலாளியின் மத்தியானம் நான்கு புரோட்டாவும் சால்னாவும் என்று சுருங்கிப்போவது வருத்தம். மொச்சைக்கொட்டை போட்ட கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும், முருங்கைக்கீரைப் பொரியலும், ஒரு முட்டையும் டப்பாவில் இருந்தால், மைதா மாவு அவ்வளவாகத் தராத புரதமும் இரும்புச் சத்தும் உடம்பில் சேரும். நூல் மில்லில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கும் பெண் பிள்ளைகளுக்கு இரத்தசோகை எவ்வளவு பெரிய பிரச்சினை என்பது இங்கே இருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். பணத்தைப் பற்றிப் பேச வந்தாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இப்போது தடைகளுக்கு வருகிறேன். முதல் தடை மிகப் பெரியது. அதைச் சொல்லாமல் வீட்டுச் சோற்றைப் புகழ்வது நேர்மை ஆகாது. சமைப்பது யார்? காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. மில் பஸ் அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஊருக்குள் வந்துவிடும். அதற்குள் சோறும் குழம்பும் டப்பாவில் இருக்க வேண்டுமென்றால் மூன்றரை மணிக்கு எழுந்தவர் யார்? 2024-ல் நாடு முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 289 நிமிடம். அந்த வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். ஈடுபடும் ஆண்களே குறைவு, அவர்களின் கணக்கே இது! 1957 மாநாட்டின் அளவுகோலை மறுபடி நினைத்துப் பாருங்கள். அரிசிக்கு விலை போட்டார்கள், விறகுக்கு விலை போட்டார்கள். சமைக்கும் கைக்கு ஒரு பைசா எழுதவில்லை. நாம் மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் 1,170 ரூபாயில் பெரும் பகுதி அந்தக் கைகளின் உழைப்பு. அவள் தூக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்தை வெட்டி எடுத்து, அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்தால், அந்தச் சிக்கனம் எனக்கு வேண்டாம்.

அப்படியானால் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டலுக்கே போய்விடலாமா? சிலர் அப்படித்தான் வாதாடுகிறார்கள். பெண்ணின் நேரத்துக்கும் விலை போட்டால் ஓட்டல் சாப்பாடுதான் மலிவு என்கிறார்கள். கூலி உயர்ந்து, அந்த விலையைக் கொடுக்கும் சக்தி குடும்பத்துக்கு வந்துவிட்டால் அந்த வாதம் நிற்கும். இன்றைய நிலையில் ஓட்டலுக்குப் போகும் பணம் மகளின் கல்லூரிக் கட்டணத்திலிருந்தும் அம்மாவின் மாத்திரைச் செலவிலிருந்தும்தான் போகிறது. கடைசியில் அந்தக் குறையையும் அதே பெண்தான் கடன் வாங்கி அடைக்கிறாள். ஆகவே என் முடிவு இது: சோறு வீட்டிலிருந்தே போகட்டும், அந்தச் சோற்றின் வேலை ஒருத்தி தலையில் மட்டும் விழாமல் இருக்கட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு நேர்மையான கணக்கு.

ஆம்பளைக்குச் சமையல் வராது என்று யாராவது சொல்வார்கள். திண்டுக்கல்லில் நின்றுகொண்டா இதைச் சொல்வது? இந்த ஊரின் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோன பிரியாணி அண்டாக்களுக்கு முன்னால் நிற்பவர்கள் யார்? கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சோறு வடிப்பவர்கள் யார்? கோயில் கிடா வெட்டில் கறிக்குழம்பு கூட்டுகிறவர்கள் யார்? கூலி உண்டென்றால் கை தானே கரண்டியைப் பிடிக்கிறது. கூலி இல்லாத வீட்டு அடுப்புக்கும் அந்தக் கை வரட்டும். முதல் நாள் இரவே காய் நறுக்கி வைப்பது, தேங்காய் துருவுவது, புளி ஊறவைப்பது, டப்பாவைக் கழுவிக் கவிழ்ப்பது, காலையில் குக்கரை ஏற்றுவது, இவற்றில் எதற்குத் தனித் திறமை வேண்டும்? புளிக்காய்ச்சலை ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து காய்ச்சி வைத்தால் அந்த வாரத்தில் இரண்டு நாள் காலை அடுப்பில் சோறு மட்டும் வைத்தால் போதும். வளர்ந்த மகன் தன் டப்பாவைத் தானே கட்டிக்கொள்ளட்டும். தம்பிமார்களே, உங்கள் சட்டையை நீங்களே இஸ்திரி போட்டுக்கொள்கிறீர்கள் அல்லவா, சோற்றுக்கு மட்டும் அக்கா எதற்கு?

சமூகமும் இதில் கை கொடுக்க முடியும், கொடுத்தும் இருக்கிறது. 1956-ல் காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுத்தார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது, பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது. பிள்ளையின் வயிறு நிறைகிறது என்றுதான் அதைப் பேசுகிறோம். ஆனால் விடியற்காலை அடுப்படியில் நிற்கும் தாய்க்கு அந்தத் திட்டம் அரை மணி நேரத்தைத் திருப்பித் தந்திருக்கிறது. மும்பையைப் பாருங்கள். 1890 வாக்கில் மகாது ஹவாஜி பச்சே தொடங்கிய டப்பாவாலா ஏற்பாட்டில், கணவர் காலையில் கையை வீசிக்கொண்டு ரயிலேறுவார், சாப்பாடு பின்னால் தனியாகப் போகும். வீட்டில் சமைப்பவர் விடியுமுன் எழ வேண்டிய அவசியம் இல்லை. தொலைவில் இருக்கும் வேடசந்தூர் மில்களுக்கு இது சரிப்படாது. ஆனால் நகருக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும், பத்து மணிக்குமேல் சமைத்த சோற்றைச் சேர்த்து எடுத்துப்போக ஒரு மகளிர் சுயஉதவிக் குழு முன்வந்தால், அதில் சிலருக்கு வருமானமும் இருக்கிறது, பலருக்குத் தூக்கமும் இருக்கிறது.

அடுத்த தடை ஓட்டல்காரர்களிடமிருந்து வரும். எல்லாரும் டப்பா தூக்கினால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது? நியாயமான கேள்வி. பெரிய பிரியாணிக் கடைகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களில் பலர் இந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள், வீட்டு விசேஷங்களும் குறைவதில்லை. கவலைக்குரியவர்கள் தள்ளுவண்டியில் சோறு விற்கும் அக்காக்களும், சிறு மெஸ் நடத்துகிற குடும்பங்களும்தான். அவர்களிடம் சாப்பிடுகிறவர்களில் பெரும்பகுதியினர் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள், சமைக்க இடமே இல்லாதவர்கள். டப்பா கொண்டுவா என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. அவர்களுக்கு மெஸ்தான் வீடு. 2013-ல் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் மூன்று ரூபாய் தயிர் சாதமும் என்று வந்த அம்மா உணவகம் மாதிரியான பொதுச் சமையலறைகளும் அவர்களுக்காகவே வேண்டும். வீட்டில் அடுப்பு எரிகிற குடும்பத்துக்குத்தான் என் பேச்சு.

ஓட்டலுக்கு ஆதரவாக இன்னொரு வாதம் இருக்கிறது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். சாதி பார்க்காமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட நம்மைப் பழக்கியதில் ஓட்டலுக்குப் பங்கு உண்டு. அதுவும் சும்மா வந்துவிடவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு வேறு இடம், மற்றவருக்கு வேறு இடம் என்றிருந்ததை எதிர்த்துப் பெரியார் போராட, 1941-ல்தான் அது ஒழிந்தது. கிராமத்து டீக்கடைகளில் தனிக் குவளையை எதிர்த்து நடந்த போராட்டங்கள் நேற்றுவரை தொடர்ந்தன. இந்த நிலையில் எல்லாரும் அவரவர் வீட்டு டப்பாவைத் திறந்துகொண்டு அவரவர் மூலையில் திரும்பி உட்கார்ந்தால், போராடிப் பெற்றது கைவிட்டுப் போகாதா? போகும். ஒருவர் டப்பாவில் மாட்டுக்கறியோ கருவாடோ இருப்பதைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்களும், அசைவம் கொண்டு வராதே என்று அலுவலகத்தில் வாய்மொழியாக உத்தரவு போடுகிறவர்களும் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே டப்பா தனியாக இருக்கலாம், பந்தி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பெண் தொழிலாளர்கள் வட்டமாக உட்கார்ந்து வெஞ்சனத்தை மாற்றிக்கொள்கிறார்களே, ஒருத்தி வீட்டுக் கருவாட்டுத் தொக்கும் இன்னொருத்தி வீட்டுப் பருப்புத் துவையலும் கைமாறுகின்றனவே, அங்கே ஓட்டல் செய்த வேலையைவிட ஆழமான வேலை நடக்கிறது. அடுத்தவர் வீட்டு அடுப்பில் வெந்ததை வாங்கி உண்பது சாதியின் அடிமடியில் கை வைக்கும் செயல்.

வெயிலில் கெட்டுப்போகும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்மைதான். சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரம் மூடிக் கிடக்கும் சோற்றில் கிருமி வளரும். சோறு வெந்தாலும் சாகாத ஒரு வகைக் கிருமியின் வித்து அரிசியிலேயே உண்டு, வெதுவெதுப்பு அதற்குப் பிடித்த சூடு. ஆகவே கோடையில் தேங்காய்ச் சட்னி வேண்டாம், தேங்காய் அரைத்த கூட்டு வேண்டாம். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் புளிப்பாலும் எண்ணெயாலும் தாங்கும். தயிர்ச்சோற்றில் பாலைக் கூடுதலாக விட்டு ஒரு கரண்டி மோரை மட்டும் ஊற்றினால் மத்தியானம் பதமாக இருக்கும். எவர்சில்வர் டப்பாவே நல்லது, புளியைச் சூடாக பிளாஸ்டிக்கில் அடைக்காதீர்கள். இதெல்லாம் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதி.

ஆனால் டப்பாவை எங்கே வைப்பது? எங்கே உட்கார்ந்து திறப்பது? கையை எங்கே கழுவுவது? நண்பர்களே, வீட்டில் எவ்வளவு மாற்றம் செய்தாலும் இந்தக் கேள்விக்கு வீடு பதில் சொல்ல முடியாது. வேலை தருகிறவர்தான் சொல்ல வேண்டும், சட்டமும் அவரைத்தான் கேட்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 47-ஆவது பிரிவு, 150 பேருக்குமேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், தொழிலாளர் கொண்டுவரும் உணவை உண்ணுவதற்குக் குடிநீர் வசதியோடு உணவறை வேண்டும் என்றது. கொண்டுவரும் உணவை என்று சட்டமே குறித்துச் சொன்னது! உணவறை இருக்கும்போது வேலை செய்யும் இடத்தில் எதையும் உண்ணக் கூடாது என்றும் சொன்னது. பஞ்சுத் தூசி பறக்கும் இடத்திலும், சுண்ணாம்பும் குரோமியமும் கலந்த தோல் தொட்டிகளுக்குப் பக்கத்திலும் சோற்றைப் பிரித்தால் என்ன ஆகும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 55-ஆவது பிரிவு, ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி நேரமாவது இடைவேளை கொடு என்றது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு, உணவறைக்கான எண்ணிக்கையை 50 பேருக்குமேல் என்று இறக்கியிருக்கிறது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்கள் பட்ட பாட்டை டி.செல்வராஜ் 'தோல்' நாவலாக எழுதினார், 2012-ல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அந்த மக்கள் சங்கம் கட்டிக் கேட்டவற்றில் மனிதராக நடத்து என்பதுதான் முதல் கோரிக்கை. உட்கார்ந்து, கை கழுவி, அரை மணி நேரம் நிம்மதியாகச் சாப்பிடுவது அதற்குள் அடங்கும்.

கடைவீதியில் நிலைமை வேறு. பத்துப் பேர், பதினைந்து பேர் வேலை பார்க்கும் கடைகளுக்கு இந்த எண்ணிக்கைகள் எட்டாது. 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொன்னோம். நாள் முழுதும் நின்றே கால் வீங்கிய பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! அதே பெண்கள் இன்றும் பல கடைகளில் மாடிப்படிக்கு அடியிலும், சரக்கு மூட்டைகளுக்கு நடுவிலும், வாடிக்கையாளர் கண்ணில் படாமல் அவசர அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். கல்லூரி முடித்த பெண் டப்பா கொண்டுபோகக் கூச்சப்படுகிறாள் என்று சொல்கிறோமே, திறக்க இடமில்லாத டப்பாவை எதற்குச் சுமப்பாள்? பக்கத்துக் கடையில் இரண்டு சமோசாவும் ஒரு டீயும் வாங்கிக்கொண்டு அன்றைய மத்தியானத்தை முடித்துக்கொள்கிறாள். அவள் சம்பளத்தில் நாள்தோறும் ஒழுகும் அந்தப் பணத்தை அடைக்க அவளுக்கு அறிவுரை தேவையில்லை, ஓர் அறை தேவை.

தனித்தனிக் கடையால் முடியாததை ஒரு தெருவால் செய்ய முடியும். 2014-ல் திண்டுக்கல் மாநகராட்சி ஆனது. மாநகராட்சிக்குக் கடைவீதியைச் சுற்றிச் சொந்தக் கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு மாடி, நான்கு நீண்ட மேசை, பெஞ்சு, மின்விசிறி, குடிதண்ணீர்க் குழாய், கை கழுவத் தொட்டி, பெண்களுக்குக் கழிப்பறை. பராமரிப்புக்கு ஒவ்வொரு கடையும் தன் ஊழியர் எண்ணிக்கைப்படி மாதம் ஒரு சிறு தொகை. மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை முறை வைத்து ஊழியர்களை அனுப்பினால் வியாபாரமும் நிற்காது. வணிகர் சங்கப் பெரியவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். மாமன்ற உறுப்பினர்களும் இருக்கிறீர்கள். பேச்சு முடிந்ததும் கலைந்து போகாமல் பத்து நிமிடம் சேர்ந்து உட்காருங்கள். எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்தில் முதல் உணவறை என்பதை இன்றைக்கே பேசத் தொடங்கலாம்.